புண்ணிய டப்பா

என் பெயரும் செவிலியர் பதிவு எண்ணும் இந்த வழக்குக் கட்டின் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. எனக்கு வயது ஐம்பத்தாறு. கணவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். முப்பத்திரண்டு பேர் தங்கியிருந்த முதியோர் இல்லம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகத் தலைமைச் செவிலியராக வேலை பார்த்து வருகிறேன். இல்லத்தின் பின்பக்கம் ஊழியர் குடியிருப்பில், மாடியில் இரண்டாவது கதவு என் வீடு. அங்கே என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, பெரிய சிஸ்டர் என்றால்தான் தெரியும். இன்று காலை பத்தரை மணிக்கு யாரும் அழைக்காமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். விசாரணை அதிகாரி அம்மா என்னை உட்காரச் சொல்லி, நான் சொல்வது எனக்கே எதிராகப் பயன்படலாம் என்று எடுத்துச் சொன்னார். அது தெரிந்துதான் வந்திருக்கிறேன், நான் பேசுகிறபடியே எழுதுங்கள், மெருகு போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு இதே வழக்கில் நான் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். எங்கள் இல்லத்தில் இருந்த எண்பத்தொரு வயது அம்மா ஒருவர் சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். சிறுநீரில் கிருமி இருந்தும் மருந்து கொடுக்காமல் விட்டதால்தான் இறந்தார் என்று அவருடைய மகன் எங்கள் இன்னொரு செவிலியர் மேல் புகார் கொடுத்தார். அந்தச் செவிலியர் மருந்து கொடுக்க மறுத்தது உண்மை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடிதத்தில் பொய் என்று ஒரு வரி கிடையாது. முக்கால்வாசியை விட்டுவிட்டு எழுதினேன், அவ்வளவுதான். இப்போது அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பதிவையும் முடக்கப்போகிறார்கள், வருகிற திங்கட்கிழமை அவர் மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகும் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால் நான் விட்டது எழுத்தில் வர வேண்டும்.

முதலில் டப்பாவைப் பற்றிச் சொல்கிறேன், அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. எங்கள் இல்லத்துக்கு டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாளில் போன் செய்ய வேண்டும், எடுத்தால் உண்டு. பதினோரு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலாம் அறையில் இருந்த ஐயா ஒருவருக்குக் குளிர் ஜுரம் வந்து கட்டிலே ஆடியது. டாக்டர் போனை எடுக்கவில்லை, மருந்துக் கடைக்காரர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றார், ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் காலை அவர் இறந்துபோனார். அன்று என் கையில் நாலு மாத்திரை இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்து மாய்ந்துபோனேன். அதன் பிறகு, யாராவது இறந்துபோனாலோ டாக்டர் மருந்தை மாற்றினாலோ, மிச்சமாகிற மாத்திரை அட்டைகளை நான் எறிவதில்லை. குதிரைப் படம் போட்ட ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். போனவருக்குப் புண்ணியம், இருப்பவருக்குச் சுகம் என்று சொல்லி ஆயாம்மா ஒருத்தி அதற்குப் புண்ணிய டப்பா என்று பெயர் வைத்தாள். அதுவே நிலைத்துவிட்டது.

யாருக்காவது சிறுநீர் கலங்கலாகப் போனாலோ, நாற்றம் அடித்தாலோ, பேச்சு கொஞ்சம் முன்னுக்குப் பின் முரணாக இருந்தாலோ, டப்பாவைத் திறந்து இருப்பதில் ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். அட்டையில் நாலு இருந்தால் நாலு, ஏழு இருந்தால் ஏழு. தீர்ந்ததும் நிறுத்திவிடுவேன். டப்பாவிலிருந்து கொடுப்பதை எந்த ரிஜிஸ்டரிலும் எழுதுவதில்லை. டாக்டர் சீட்டே இல்லாத மருந்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இது இன்று நேற்று நடந்தது இல்லை, பத்து வருடத்துக்கு மேலாக இப்படித்தான். எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் பேசியதில்லை.

ஏழு மாதத்துக்கு முன்பு அந்தச் செவிலியர் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தார். வயது நாற்பத்தொன்று. பெரிய ஆஸ்பத்திரி வார்டில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். என்னை அக்கா என்று கூப்பிடுவார். வந்த இரண்டாவது வாரமே டாக்டரிடம் பேசி ஒரு புது ஏற்பாடு செய்தார். வயதானவர்கள் சிறுநீரில் கிருமி சும்மா தங்கியிருக்கும், கலங்கலும் நாற்றமும் மட்டும் இருந்தால் அது நோய் ஆகாது, ஜுரம், எரிச்சல், அடிவயிற்று வலி இருந்தால்தான் சோதித்துப் பார்த்து டாக்டர் சொல்கிற ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று நாள் தண்ணீர் கொடுத்து, ஏன் இப்படி ஆனது என்று கவனித்துப் பார்க்க வேண்டும் என்றார். எடுத்ததற்கெல்லாம் கொடுத்துப் பழக்கினால் நிஜமாகவே தேவைப்படும்போது மருந்து கேட்காது, நல்ல கிருமியும் செத்து வயிற்றில் கெட்டது மட்டும் வளரும் என்றும் சொன்னார். இதற்காகக் கவனிப்புத் தாள் என்று ஒன்று அடித்துக் கொண்டுவந்தார். காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வரி, ஜுரம் எவ்வளவு, குடித்த தண்ணீர் எவ்வளவு, வலி உண்டா, வேறு மருந்து ஏதாவது கொடுத்ததா என்று கட்டம் கட்டமாக இருக்கும்.

ஆயாம்மாக்கள் அவருக்குத் தண்ணி சிஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். அவர் கோபப்படவில்லை. "நல்ல பேருதான். அழுமூஞ்சி சிஸ்டர்னு வைக்காம விட்டீங்களே" என்று சிரித்தார். ஐந்து மாதத்தில், முன்பு மாதம் பத்துப் பேருக்கு ஓடிக்கொண்டிருந்த ஆன்டிபயாடிக் மூன்று நாலு பேருக்கு என்று இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. இருபத்திரண்டு வருடமாக நான் செய்தது எல்லாம் தப்பு என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி இருந்தது. அதிகாரி அம்மா இதை வருத்தம் என்று எழுதப் போனார். பொறாமை என்றே எழுதுங்கள் என்றேன்.

டப்பாவைப் பற்றி அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தனியாக வந்து, "அக்கா, அதை மருந்துக் கடையில திருப்பிக் குடுத்து அழிச்சிரலாம், நானே கொண்டுபோறேன்" என்றார். எப்போதோ எறிந்தாயிற்று என்று சொல்லிவிட்டேன். எறியவில்லை. என் வீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

இறந்துபோன அம்மாவைத் தபால் அம்மா என்று கூப்பிடுவோம். முப்பத்தாறு வருடம் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்பதாம் அறை. நாலு வருடமாக எங்களிடம் இருந்தார். அவரிடம் எதைக் கொடுத்தாலும், மருந்தோ கடிதமோ துவைத்த துண்டோ, வாங்குவதற்கு முன்னால் "பதிஞ்சாச்சா?" என்று கேட்பார். பதிந்தாயிற்று என்று சொன்னால்தான் கை நீட்டுவார். டீயைப் பதியாமல் கொண்டுவந்துவிட்டாள் என்று ஒரு ஆயாம்மாவைத் திருப்பி அனுப்பி, அவள் போய்ச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்த பிறகு குடித்த கதையெல்லாம் உண்டு. மகன் வேறு ஊரில் இருக்கிறார், தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் போன் செய்வார். அம்மா மேல் உயிரையே வைத்திருந்தவர் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் முதல் திங்கட்கிழமை காலையில் தபால் அம்மா டி.வி. ரிமோட்டைத் தலையணை உறைக்குள் போட்டு வைத்துக்கொண்டு, முகவரி சரியில்லை, திருப்பி அனுப்ப வேண்டும் என்று தகராறு செய்தார். சிறுநீர் மஞ்சளாக, கலங்கலாக, நாற்றமாக இருந்தது. ஜுரம் இல்லை. எரிச்சல் இல்லை. வலி இருக்கிறதா என்று கேட்டதற்கு உனக்குத்தான் வலிக்கிற மாதிரி முகம் இருக்கிறது என்றார். தண்ணி சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, உடனே மாத்திரை வேண்டாம், தாள் போட்டுக் கவனிப்போம் என்று சொல்லி, ஒரு ஜக்குத் தண்ணீரோடு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். டாக்டருக்கும் போன் செய்து சொன்னார், அவரும் சரி என்றார்.

அன்று நாலு மணிக்கு மகன் போன் செய்தபோது நான்தான் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர், "என்ன சிஸ்டர் இது, தண்ணி குடுக்கவா அங்க சேர்த்தோம்? ஏதாவது ஒரு மாத்திரையை ஆரம்பிங்க. நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. தம்பி, கவலையை விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என்ன செய்வேன் என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்த மகனுக்கு இந்த மாத்திரை விஷயம் எதுவும் தெரியாது.

அதன் பிறகு நான் வீட்டுக்குப் போய் டப்பாவைத் திறந்தேன். பன்னிரண்டாம் அறையில் இருந்து இறந்துபோன ஐயாவுக்கு நெஞ்சுச் சளிக்கு வாங்கிய அட்டை ஒன்றில் ஆறு மாத்திரை மிச்சம் இருந்தது. காலாவதி ஆகவில்லை, அதை மட்டும் பார்த்தேன். நெஞ்சுக்குக் கொடுக்கிற மருந்து சிறுநீருக்குக் கேட்குமா, இந்த வயதுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்க்கவில்லை. ஆன்டிபயாடிக் என்றால் ஆன்டிபயாடிக் என்று நினைத்தேன். ஐந்தரை மணிக்கு டீயோடு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் அறைக்குப் போனேன். தபால் அம்மா மாத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பதிஞ்சாச்சா?" என்று கேட்டார். "பதிஞ்சாச்சும்மா" என்று சொன்னேன். வாங்கி விழுங்கினார்.

செவ்வாய் காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று, புதன் காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று, வியாழன் காலை ஒன்று. ஆறு தடவையும் கேட்டார். ஆறு தடவையும் அதே பதிலைச் சொன்னேன்.

இதற்கு நடுவே செவ்வாய்க்கிழமை தண்ணி சிஸ்டர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். அந்த வராந்தாவில் இருக்கிற கழிப்பறைத் தாழ்ப்பாள் பத்து நாளாக உடைந்திருக்கிறது. ஒருநாள் தபால் அம்மா உள்ளே இருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். அதிலிருந்து அவர் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். குடித்தால்தானே போக வேண்டும். மானம் போகிறதைவிட நாக்கு வறண்டால் பரவாயில்லை என்று இருந்திருக்கிறார். வெளியில் சொல்லவும் இல்லை. தண்ணி சிஸ்டர் அன்றே தச்சரை வரவழைத்துத் தாழ்ப்பாள் போட வைத்தார், கதவில் ஒரு சிவப்புத் துணியையும் கட்டி, உள்ளே போனால் இதைத் தொங்கவிடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். அன்று சாயங்காலத்துக்குள் தபால் அம்மா எட்டு டம்ளர் குடித்தார். புதன்கிழமை சிறுநீர் தெளிந்தது, பேச்சும் தெளிந்தது, ரிமோட்டை அவரே எடுத்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை டாக்டர் வந்து கவனிப்புத் தாளைப் பார்த்து, ஒரு மாத்திரை இல்லாமல் சரிசெய்துவிட்டீர்களே என்று எல்லார் முன்னாலும் தண்ணி சிஸ்டரைப் பாராட்டினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, சரிசெய்தது யார் என்று எனக்குத்தான் தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். வாயைத் திறந்தால் டப்பா வெளியே வரும் என்று மென்று விழுங்கிவிட்டேன்.

சனிக்கிழமை தபால் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது தடவை போனது, தண்ணீராக, பச்சையாக, பொறுக்க முடியாத ஒரு நாற்றத்தோடு. வயிறு வீங்கியிருந்தது. தண்ணி சிஸ்டருக்கு விடுமுறை நாள், இருந்தும் வந்துவிட்டார். உப்பு சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தபடியே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பத்து நாளில் அம்மாவுக்கு ஆன்டிபயாடிக் ஏதாவது கொடுத்தீர்களா, கொடுத்திருந்தால் திட்ட மாட்டேன், சொல்லிவிடுங்கள் என்று கேட்டார். ஆயாம்மாக்கள் இல்லை என்றார்கள், அவர்களுக்குத் தெரியாது. என்னிடமும் வந்தார். "அக்கா, இந்த மாதிரி போறது ஆன்டிபயாடிக் சாப்பிட்டவங்களுக்குத்தான் வரும். நான் வார்டுல பாத்திருக்கேன். நிச்சயமா ஒண்ணும் குடுக்கலையே?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தே, நான் எதற்குக் கொடுக்கப்போகிறேன், அதெல்லாம் உன் இலாகா ஆயிற்றே என்று சொன்னேன். அவர் சரிக்கா என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைச் சந்தேகப்படவில்லை.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தண்ணி சிஸ்டர் இல்லத்தைப் பார்த்துக்கொள்ள, ஆம்புலன்சில் கூடப் போனது நான். அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் டிரிப்ஸ் ஏற்றச் சொல்லிவிட்டு என்னிடம், இந்த ஒரு மாதத்தில் ஆன்டிபயாடிக் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். நான் கவனிப்புத் தாளை நீட்டினேன். அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே கட்டிலில் இருந்த தபால் அம்மா கண்ணைத் திறந்து, "சிஸ்டர் குடுத்தாங்க. ஆறு மாத்திரை. பதிஞ்சிருக்கும், பாருங்க" என்றார். குரல் மெல்லியதாக இருந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக இருந்தது. டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு மருந்து என்ற கட்டத்தில் ஒன்பது இடத்திலும் இல்லை என்று எழுதியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான், "அவங்க தபால் ஆபீஸ்ல இருந்தவங்க டாக்டர். எதைக் குடுத்தாலும் பதிஞ்சாச்சான்னு கேப்பாங்க. அந்த நினைப்புல பேசறாங்க" என்றேன். டாக்டர் லேசாகச் சிரித்துவிட்டு, ஆன்டிபயாடிக் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

தபால் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் புத்தி அப்போது தெளிவாகத்தான் இருந்தது. அதன் பிறகு அவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

உணவு ஒத்துக்கொள்ளாமல் வந்த பேதி என்று வைத்து வைத்தியம் பார்த்தார்கள். செவ்வாய் சாயங்காலம் வேறு டாக்டர் வந்து சந்தேகப்பட்டு மலத்தைச் சோதனைக்கு அனுப்பினார். புதன்கிழமை மதியம் இரண்டே காலுக்குத் தபால் அம்மா இறந்துபோனார். மகன் வந்து சேர்ந்தபோது அரை மணி நேரம் கழிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சோதனை முடிவு வந்தது.

அடுத்த வாரம் மகன் அந்தக் காகிதங்களோடு என்னிடம் வந்தார். தண்ணி சிஸ்டர் மருந்து கொடுக்க மறுத்ததாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். சோதனை முடிவை என் கையில் கொடுத்து, இது என்ன கிருமி சிஸ்டர், சிறுநீரில் இருந்து பரவியதா என்று கேட்டார். நான் படித்துப் பார்த்தேன். அது ஆன்டிபயாடிக் கொடுத்து நல்ல கிருமிகள் செத்த வயிற்றில் பெருகுகிற கிருமி. தண்ணி சிஸ்டர் சொன்ன அதே கிருமி. அதை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். எனக்குச் சரியாகத் தெரியவில்லை தம்பி என்று சொல்லிவிட்டு, அவர் கேட்டபடியே கடிதம் எழுதிக் கொடுத்தேன். தெரிந்துதான் எழுதிக் கொடுத்தேன்.

புகார் வந்ததும் இல்ல மேலாளர் கவனிப்புத் தாள்களை எல்லாம் கட்டிப் பரணில் போடச் சொன்னார். இனிமேல் யாருக்குச் சிறுநீர் கலங்கினாலும் அன்றே மாத்திரை ஆரம்பிக்க வேண்டும், நமக்கு எதற்கு வம்பு என்று உத்தரவு போட்டார். டாக்டரும் பயந்துபோய், மாத்திரைப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டுகளை மொத்தமாகக் கொடுத்துவிட்டார், ஆள் பெயரை நாங்கள் நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். இப்போது இல்லத்தில் முப்பத்தொரு பேர். இந்த மூன்று வாரத்தில் பதினாலு பேருக்கு ஆன்டிபயாடிக் போயிருக்கிறது. அதில் யாருக்கும் ஜுரமோ வலியோ இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நேற்று காலை பதினோரு மணிக்குத் தண்ணி சிஸ்டர் தன் சாமான்களை எடுத்துப்போக வந்தார். ஒரு பை, ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு டம்ளர், அவ்வளவுதான். ஆயாம்மாக்கள் பேசப் பயந்து ஒதுங்கி நின்றார்கள். அவர் என் மேசைக்கு வந்து, தபால் அம்மாவின் கவனிப்புத் தாள் நகலை வைத்தார். "அக்கா, நான் இதை நூறு தடவை பாத்துட்டேன். எங்க தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரியல. இருபத்திரண்டு வருஷம் பாத்தவங்க நீங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார். மூன்று நாளும் எத்தனை டம்ளர், எத்தனை மணிக்கு, ஜுரம் எவ்வளவு, தாழ்ப்பாள் போட்டது எப்போது என்று எல்லாம் அதில் இருந்தது. வேறு மருந்து: இல்லை. வேறு மருந்து: இல்லை. ஒன்பது தடவை. எங்கள் எல்லாரையும் நம்பி எழுதியது. நான் அதை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.

அதன் பிறகு அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஒருவேளை வேற எங்கயாவது வேலை குடுத்தா, இனிமே யாருக்குக் கலங்கினாலும் முதல்ல மாத்திரை குடுத்துருவேன்க்கா. பாத்துட்டு இருக்க மாட்டேன். என்னாலதான் அந்தம்மா போயிட்டாங்க" என்றார். அழவில்லை. தீர்மானம் செய்துவிட்டவர் மாதிரிச் சொன்னார். சரியாகச் செய்த ஒருத்தி, தப்பைப் பாடமாகப் படித்துக்கொண்டு என் முன்னால் வாசற்படி இறங்கிப் போனாள். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவர் போன பத்தாவது நிமிடம் ஆயாம்மா ஓடிவந்து, ஆறாம் அறை ஐயாவுக்குக் காலையிலிருந்து நாலு தடவை போய்விட்டது, தபால் அம்மாவுக்குப் போன அதே நாற்றம் என்றாள். அவருக்குப் புது உத்தரவின்படி எட்டு நாளாக மாத்திரை போய்க்கொண்டிருந்தது. நான் உடனே அதை நிறுத்தி, அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கூடவே போய், எந்த மாத்திரை, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை என்று ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் சோதனைக்கு அனுப்பி, சரியான மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். இன்று காலை நன்றாக இருக்கிறார், பேப்பர் கேட்டாராம். தபால் அம்மாவுக்கும் இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

அந்த ஆறு மாத்திரையால்தான் அவர் இறந்தார் என்று நான் சொல்ல முடியாது, அதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நான் சொல்ல முடிந்தது இதுதான். மாத்திரையைக் கொடுத்தது நான். மறைத்தது நான். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவையும் திங்கட்கிழமை ஒரு தடவையும் என்னிடம் நேருக்கு நேர் கேட்டார்கள், இரண்டு தடவையும் இல்லை என்றேன். கேட்காமலே உண்மையைச் சொன்ன ஒரே ஆளைப் புத்தி பிசகியவர் ஆக்கினேன். தண்ணி சிஸ்டர் செய்ததில் தவறு இல்லை. அவர் எழுதிய தாளில் பொய்யாக இருக்கிற இடம் எல்லாம் என்னால் பொய்யானவை.

அதிகாரி அம்மா, இதனால் என் வேலையும் பதிவும் போகும், குடியிருப்பையும் காலி செய்ய வேண்டிவரும், வழக்கு என் மேல் திரும்பும், மகளிடம் பேசிவிட்டு வருகிறீர்களா என்று கேட்டார். பேசிவிட்டேன். அவள், "போய்ச் சொல்லிட்டு வாம்மா" என்றாள்.

குதிரைப் படம் போட்ட பிஸ்கட் டப்பாவை இத்துடன் ஒப்படைக்கிறேன். உள்ளே ஒன்பது அட்டைகளில் நாற்பத்து மூன்று மாத்திரைகள் இருக்கின்றன, ஐந்து வகை. தபால் அம்மாவுக்குக் கொடுத்துத் தீர்ந்த காலி அட்டையும் இருக்கிறது.

மேலே உள்ளதை எழுதி முடித்ததும் அதிகாரி அம்மா எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை, கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டேன். திங்கள் சாயங்காலத்திலிருந்து வியாழன் காலை வரை, ஆறு மாத்திரையும் பதிஞ்சாச்சா என்று கேட்டேன். அவர் தாளைத் திருப்பி, விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, பதிஞ்சாச்சும்மா என்றார். அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன்.

(கையெழுத்து)